இறுகியும் பிடிக்காத நட்டுகள்

கையை எடுத்தால் சோலார் பனல் போய்விடும். அது றுஸ்திக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் கன்னம் சுடுவதையும் பொருட்படுத்தாமல் கண்ணாடியின் மேல் குப்புறக் கிடந்தான். சோழகக் காற்று பனலுக்கும் தகரக் கூரைக்கும் நடுவே புகுந்து அதை அடியிலிருந்து நெம்பியது. ஒவ்வொரு நெம்பலுக்கும் அவனும் பனலோடு சேர்ந்து எழும்பி விழுந்தான்.

"ஜெனோ, கயிறு எங்கடா?"

"வாறன் நானா. ஏணியில நிக்கிறன். அசையாதேங்கோ."

"அசையாமல் கிடக்க நான் என்ன செத்த மீனா? கெதியா வா."

றுஸ்தியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஜெனோஜன், வள்ளம் கட்டும் நைலோன் கயிற்றைத் தோளில் போட்டபடி கூரை விளிம்பால் தவழ்ந்து வந்தான். இருவருமாகப் பனலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி முடிச்சைக் காலால் மிதித்து இறுக்கினார்கள். அதன் பிறகுதான் றுஸ்தி எழுந்து உட்கார்ந்தான். இடுப்பில் கட்டிய சாரத்தில் பாதி கிழிந்திருந்தது. மூச்சு வாங்கியது.

பக்கத்துப் பனல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அது விடிந்ததும் பறந்து, கீழே கருவாடு காயப்போட்ட வலையின் மேல் முகங்குப்புற விழுந்து நொறுங்கியிருந்தது. நல்ல காலம், அந்த நேரம் அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இப்போது பெண்கள் குந்தியிருந்து கருவாட்டுக்குள் இருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் அறைக்குப் பொறுப்பான மதலேனா, கழுத்தில் அறைப் பூட்டின் திறப்புக் கயிறு ஆட, மீன் பெட்டிகளை லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றுவித்துக்கொண்டிருந்தாள். கூரையில் மின்சாரம் இல்லையென்றால் பின்னேரத்துக்குள் மீன் நாறிவிடும்.

சண்டை முடிந்து ஊர் திரும்பிய தாழ்வுபாட்டுக் கிராமத்துச் சனத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த ஐஸ் அறை அது. கூரையில் பனல் பூட்டும் வேலையை எடுத்தவன் றுஸ்தி. புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, வயரிங் பழகி, சிலாவத்துறைக்குத் திரும்பி வந்தவன். ஜெனோஜனை இந்த வேலைக்குத்தான் புதிதாகச் சேர்த்திருந்தான். அவன் வயல் செய்யும் முள்ளிக்குளத்துக் கமக்கார வீட்டுப் பிள்ளை. சண்டை முடிவில் சரணடைந்தவர்களை அடைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்தவன். இன்னும் மாதாமாதம் இராணுவக் காம்புக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறவன்.

ஏணி ஆடியது. கூரை விளிம்பில் ஒரு நரைத்த தலை எழும்பியது. மீனவர் சங்கச் செயலாளர் இராயப்பு. கடலில் பாய்மரம் ஏறிப் பழகிய கால்கள், கூரை அவருக்குப் பெரிய காரியமில்லை. வந்ததும் வெறுமையான இடத்துக்கு இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். பனலின் விளிம்பை அழுத்திப் பிடிக்க வேண்டிய கவ்விகள் நான்கும் சட்டத்தில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் நட்டையும் விரலால் திருகிப் பார்த்தார்.

"தம்பி றுஸ்தி, இந்த நட்டெல்லாம் நல்ல இறுக்கமாய் இருக்கே."

"ஓம் அண்ணை. அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"எனக்கு விளங்குது. காத்து கழட்டினதெண்டா நட்டும் கழண்டிருக்கும். நட்டு இறுக்கம், ஆனாப் பனலைக் காணேல்லை. எண்டால் ஆரோ நட்டைக் கழட்டி, பனலை இளக்கி விட்டிட்டு, திருப்பி இறுக்கியிருக்கிறான்." அவர் ஜெனோஜனைப் பார்க்காமலே கேட்டார்: "ஸ்பனர் ஆரிட்ட இருக்கிறது?"

ஸ்பனர் ஜெனோஜனின் இடுப்பில் தொங்கியது.

"நட்டில வெள்ளைக் கோடு போட்டிருக்கு, பாருங்கோ," என்றான் றுஸ்தி. "இறுக்கி முடிச்ச பிறகு போடுறது. திருகினா கோடு விலகிப்போகும். விலகேல்லை."

"கோடு போடுற பேனையும் அவன்ர பொக்கற்றிலதானே கிடக்கு."

கிழவன் கடலில் மட்டுமல்ல, தரையிலும் வலை போடத் தெரிந்தவன்.

"எனக்கு இவனில ஒரு கோபமும் இல்லை," என்றார் இராயப்பு. "ஆனால் இது உதவிக்கு வந்த சாமான். வேணுமெண்டு உடைச்சதெண்டு கதை வந்தால் நான் பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும். சொல்லாட்டி நாளைக்கு என்னைப் பிடிச்சுக் கேப்பாங்கள். மதலேனாவுக்கு அப்பவே சொன்னனான், இவனை உள்ளுக்க விடாதை எண்டு. கேட்டவளே? இதில அவளின்ர பிழையும் கொஞ்சம் இருக்குதெண்டு வந்தால், ஐஸ் அறைத் திறப்பைச் சங்கம் வாங்கிப்போடும், அவளின்ர வேலையும் போகும்."

பொலிஸ் என்றால் என்ன என்று மூவருக்கும் தெரியும். கனகரத்தினம் என்ற ஒருவரின் வீட்டில் தண்ணிப்பம்பு களவு போனதென்று போன வருஷம் விசாரித்தார்கள். களவெடுத்தவன் கிடைப்பதற்குள், புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த பையன் ஒருவன் அநுராதபுரம் சிறை வரை போய் வந்தான். வந்தவன் இப்போது ஆட்களோடு கதைப்பதில்லை. ஜெனோஜனின் பெயர் பொலிஸ் கொப்பியில் ஏறினால் அவனைக் கேள்வி கேட்டுவிட்டு விடமாட்டார்கள். கூட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் கேள்வியே கேட்பார்கள்.

"அண்ணை, ஒரு பீடி குடிக்கிற நேரம் தாங்கோ," என்றான் றுஸ்தி.

இராயப்பு முகட்டின் மறைவில் குந்தி, காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் பீடியை எடுத்தார்.

உண்மையைச் சொன்னால் றுஸ்தியின் மனதிலும் ஒரு முள் குத்தியது. இந்த வரிசையைப் பூட்டிய அன்று அவன் இங்கே இல்லை. சாச்சாவின் மகளுடைய நிக்காஹ். முதல் நாள் பின்னேரம் போகும் வழியில் போல்ட் டின்னையும் ஸ்பனரையும் ஐஸ் அறையில் கொடுத்துவிட்டு, எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று மட்டும் ஜெனோஜனுக்குச் சொல்லிவிட்டுப் போனான். அன்று கூரையில் என்ன நடந்ததென்று ஜெனோஜன் ஒருவனுக்குத்தான் தெரியும். மனிதருக்குள் என்ன கிடக்கிறதென்று யார் கண்டது? அப்படி நினைத்ததும் அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. புத்தளத்தில் ஏதாவது காணாமல் போனால் அயலார் முதலில் அகதி முகாம் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தானும் பார்க்கப் பழகிவிட்டானா?

கயிற்றால் கட்டிய பனலின் பக்கம் போனான். ஸ்பனரை நட்டில் வைத்து இழுத்தான். குறித்த இறுக்கம் வந்தால் 'டக்' என்று சத்தம் போடும் ஸ்பனர் அது. போட்டது. அடுத்ததில் வைத்தான். டக். எல்லா நட்டும் தான் இறுக்கம் என்றே சொன்னது. ஆனால் கையால் அழுத்தினால் பனல் கடகடவென்று ஆடியது.

"அண்ணை, அந்தப் பீடிக் கட்டில ஒண்டு தாங்கோ."

"உனக்கு எப்ப இந்தப் பழக்கம்?"

"குடிக்க இல்லை."

பீடியின் தட்டையான நுனியைக் கவ்விக்கும் பனலின் விளிம்புக்கும் நடுவே வைத்துத் தள்ளினான். அது தடையில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

இராயப்பு பீடியை வாயிலிருந்து எடுத்தார். "இதென்ன கூத்து? நட்டு இறுக்கம் எண்டியே."

"நட்டு இறுக்கம்தான். ஆனா அது பனலைப் பிடிக்கேல்லை. வேற எதையோ பிடிச்சுக்கொண்டு நிக்குது." றுஸ்தி ஸ்பனரை அவரிடம் நீட்டினான். "நீங்களே கழட்டுங்கோ."

இராயப்பு காலைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தார். நட்டு அசையவில்லை. ஸ்பனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, ஜெனோஜனையும் கூடப் பிடிக்கச் சொல்லி, மூச்சடக்கி இழுத்தார். போல்ட் கிறீச்சென்று முனகியது. நட்டு இருந்த இடத்தை விடவில்லை.

"இன்னும் இழுத்தா முறியும்," என்றார் அவர்.

"ஓம். போல்ட் முறியும், நட்டு கழராது. ரெண்டு பேர் குழாய் போட்டும் கழராத நட்டை ஒருத்தன் வந்து கழட்டி, பனலை இளக்கி, திருப்பி அழகாய் இறுக்கினவன் எண்டால், அவனைப் பொலிசுக்குக் குடுக்கேலாது அண்ணை. சர்க்கஸுக்குத்தான் குடுக்கலாம்."

இராயப்பு சிரிக்கவில்லை. ஆனால் ஸ்பனரைக் கீழே வைத்தார். "அறு பாப்பம்."

இரும்பு வாளால் போல்டை அறுத்தெடுத்து, நட்டின் ஒரு பக்கத்தையும் அரிந்து, உளி வைத்துப் பிளந்தான் றுஸ்தி. உள்ளே திருகுப் புரிகள் வரிவரியாக இருக்க வேண்டும். இங்கே எலி கடித்த மாதிரிப் பிய்ந்து, நட்டின் புரியும் போல்டின் புரியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சூரிய வெளிச்சத்தில் அது பளபளத்தது.

"ரெண்டும் துருப்பிடிக்காத சாமான்," என்று சொன்னான். "உப்புக் காத்துக்கு இதுதான் நல்லது. ஆனால் ஒரு கெட்ட குணம். காய்ஞ்ச புரியோட வேகமாய்த் திருகினா ஒண்டையொண்டு உரசிச் சூடாகி, பாதி வழியில ஒட்டிக்கொள்ளும். பிறகு நீங்க போடுற பலமெல்லாம் அந்த உரசலோட போயிடும். ஸ்பனர் டக் எண்டும். கவ்வி கீழ இறங்கியிருக்காது. அதுக்குத்தான் புரியில ஒரு பசை பூசுறது. பசை இருந்தால் நட்டு வழுக்கிக்கொண்டு கடைசி வரைக்கும் இறங்கும். ஸ்பனர்ல நான் வச்சுக் குடுத்த அளவும் பசை பூசின போல்டுக்கு உரிய அளவுதான்."

"அப்ப நீ பூசேல்லையோ?"

"பூசினனான். ஒவ்வொண்டுக்கும் என்ர கையால பூசித்தான் டின்னில போட்டனான்." றுஸ்தி பிளந்த நட்டை விரலால் தடவினான். விரல் சுத்தமாக இருந்தது. "இதில ஒரு பொட்டும் இல்லை. ஜெனோ, பசை எங்க?"

ஜெனோஜன் பிளந்த நட்டை வாங்கிக் கனநேரம் பார்த்தான். இப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிகிறது போலிருந்தது. கீழே மதலேனா யாரையோ ஏசிக்கொண்டு கடைசிப் பெட்டியை ஏற்றுவித்துக்கொண்டிருந்தாள். சத்தம் காற்றில் துண்டு துண்டாக வந்தது.

"நான்தான் நானா," என்றான். "நான் துடைச்சுப்போட்டன்."

"துடைச்சனீயா? ஏன்?"

"அழுக்கெண்டு நினைச்சன். மணல் ஒட்டும் எண்டு."

இராயப்பு தலையை ஆட்டினார். அவருடைய குரல் முதல் முறையாக இளகியது. "அதில பெரிய பிழை சொல்லேலாது தம்பி. சோழகத்தில மணல் பறக்கேக்க எங்கட ஆக்களும் கிறீஸோட போல்ட் ஆணி பூட்டமாட்டினம். மணல் ஒட்டி, அரம் மாதிரி அராவிப்போடும். இந்தக் கரையில இஞ்சின் ஆணியைக் கழுவித் துடைச்சுத்தான் பூட்டுறது." எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார். "சரி. வேலையில கவனக்குறைவு எண்டு கூட்டத்தில சொல்லுவம். பொலிஸ் வேண்டாம். ஆனா இவன் இனி இந்தக் கூரையில ஏறக்கூடாது. ஏறினா நான் ஒண்டும் செய்யேலாது."

அவர் இறங்கிப் போன பிறகும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். ஜெனோஜன் இடுப்புப் பட்டியை அவிழ்த்து ஸ்பனரோடு சேர்த்து றுஸ்தியின் முன்னால் வைத்தான்.

"என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமேடா," என்றான் றுஸ்தி.

"நீங்க கலியாண வீட்டில நானா."

"போன் இல்லையா உன்னட்ட?"

றுஸ்திக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பனல் ஒன்று போனதை விட, அறியாததை அறிந்ததுபோலச் செய்திருக்கிறானே என்பதுதான் அவனைச் சுட்டது. இப்படிப்பட்டவனைக் கூரையில் ஏற்றினால் அடுத்த பனல் ஒரு பிள்ளையின் தலையில் விழும். பசையைப் பற்றி இவனுக்குத் தான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதும் உள்ளே உறுத்தியது. அந்த உறுத்தலே கோபத்தை இன்னும் ஊதிவிட்டது.

"கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வராதை. நான் சொல்லி அனுப்புறன்."

"சரி நானா." ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றான். "காம்புக்கு ஒண்டும் போகாதுதானே?"

"போகாது."

"அது காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

புதிய போல்ட்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர, காற்றும் சற்றுத் தணிந்தது. றுஸ்தி ஐஸ் அறையின் நிழலில் ஒரு சாக்கை விரித்து, தகரப் பேணியிலிருந்து சாம்பல் நிறப் பசையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு புரியிலும் பூசிக்கொண்டிருந்தான். மதலேனா, கழுத்தில் அதே திறப்புக் கயிறு ஆட, ஒரு கோப்பை பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தாள்.

"எங்க உங்கட ஆள்?"

"வரேல்லை அக்கா. நிப்பாட்டிப்போட்டன்."

"நல்லது. ஊரெல்லாம் வேண்டாமெண்டு சொல்ல, நான்தான் அவனுக்காக நிண்டனான். என்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டான். கண்டனெண்டால் நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பன். இராயப்பு அண்ணை கூட்டத்தில கவனக்குறைவு எண்டு மட்டும்தான் சொன்னவர். அப்பிடி என்னதான் செய்தவன்?"

றுஸ்திக்கு அதைத் திரும்பவும் சொல்ல மனம் வரவில்லை. "சரியாய் இறுக்கேல்லை அக்கா. அவ்வளவுதான்."

அவள் உச்சுக்கொட்டினாள். பிறகு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றைப் பூசி வைத்தான், அடுத்ததை எடுத்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இந்த மணலுக்க உந்தச் சேத்தைப் பூசி என்னத்துக்கு? விடுங்கோ, நான் பிறகு மண்ணெண்ணெயில ஒரு அலசு அலசித் தாறன்."

றுஸ்தியின் கை நின்றது.

"அக்கா... போன முறை?"

"போன முறையும் நான்தானே கழுவினது. நீங்க டின்னைத் தந்திட்டுக் கலியாணத்துக்குப் போயிட்டியள். திறந்து பாத்தால் ஒரே சேறு. என்ர மனிசன் இருந்த காலத்தில இஞ்சின் ஆணியெல்லாம் என்ர கையாலதான் கழுவிக் குடுத்தனான், எனக்குத் தெரியாதே? இருந்து ஒவ்வொண்டாய் உரஞ்சி, சாக்கில பரவிக் காயவச்சனான். காலமை ஜெனோ வந்து, 'அக்கா, இதை ஏன் நீங்கள் செய்யிறியள்' எண்டு கேட்டவன். நல்லாய்க் காய்ஞ்ச பிறகு அள்ளி அவன்ர கையில குடுத்தன். அவனுக்குத் துடைக்கிறதுக்கு ஒரு ஆணிகூட மிச்சம் வைக்கேல்லை தம்பி."