சொல்லியிருப்பாரு

1

காலை ஆறே முக்கால். பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றபோது இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் பழைய பந்தய வண்டிகளோடு நாலைந்து பேர். அவர்களில் தாடிக்காரர் ஒருவர் சொன்னார்:

"சொல்லியிருப்பாரு. சொல்லாம அவர் யாருக்கும் சாவி குடுத்ததில்ல."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: அந்த வண்டி ஒரு சிறுத்தையைப்போலப்

வேண்டாம். வண்டியை மிருகமாக்காத ஆள் இல்லை.

இரண்டாவது: வேகம் என்பது

இதுவும் வேண்டாம். நான் ஸ்கூட்டர் ஓட்டுபவன். வேகம் என்பது என்னவென்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் காலத்தில் சாலையில் அதை முந்த ஆளில்லை. (இது நிற்கட்டும்.) நண்பர்கள் அதை ராட்சசி என்பார்கள். ஞாயிறுகளில் சுற்றி நின்று, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள்போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இப்போதைய வண்டிகளில் வலது காலில் பிரேக், இடது காலில் கியர். ராட்சசியில் அது மாறியிருக்கும். பதறினால் பழகிய வலது கால்தான் மிதிக்கும். மிதிபடுவது கியர். கை பிரேக்கோ அந்தக் காலத்தது, கெஞ்சினால்தான் கேட்கும்.

அதனால் சாவி கேட்கும் எவரிடமும் கடைக்காரர் ஒரே வாக்கியம் சொல்வார்: "இடது கால்தான் பிரேக்கு. மறந்தா நேரா மேலதான்."

எல்லாரும் சிரிப்பார்கள்.

3

ஒரு ஞாயிறு தங்கையின் கணவன் வந்து நின்றான்.

"மச்சான், ஒரே ஒரு ரவுண்டு."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்குச் சோறு கிடையாது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சாவியை எறிந்தார். அவன் பிடித்தான். அடுத்து

அடுத்து என்ன? இங்கேதான் நிற்கிறேன். அந்த வாக்கியத்தை நான் எழுதினால் அவர் சொன்னதாகிவிடும். எழுதாவிட்டால் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு வரி.

அவருக்கு அது நினைவில்லை. கடையைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வருமே, அப்படி. பூட்டியது நினைவிருக்கும். ஆனால் அது இன்று பூட்டியதா, நேற்றுப் பூட்டியதா?

பாலத்துக்கு முந்தைய வளைவில் குறுக்கே ஒரு லாரி திரும்பியது. பின்னால் வந்த தாடிக்காரர் பார்த்தார்: வலது கால் அமுங்கியது, பிரேக் விளக்கு எரியவில்லை.

(இதற்குமேல் அந்த வளைவை எழுதமாட்டேன். அவன் அங்கேயே போய்விட்டான்.)

4

'சொல்லியிருப்பார்' என்ற வினை சாட்சி சொல்லாது. யூகிக்கும். தாடிக்காரர் ஆறுதலுக்காகச் சொன்ன "சொல்லியிருப்பாரு", அவர் மனைவியின் வாயில் "சொன்னாராம்" ஆனது. தங்கையின் காதுக்கு வந்தபோது "சொன்னாரு". வழியில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தங்கை செத்தவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

5

ஒரு முடிவு: கடைக்காரர், "நான் சொல்லலம்மா" என்கிறார். தங்கை கணவனுக்காக அழுகிறாள். அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை. ஆனால் இதுவும் பொய்யாக இருக்கலாம். அவர் சொல்லியும் இருக்கலாமே.

இன்னொன்று: "ஞாபகமில்லம்மா." உண்மை இதுதான். எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். கணவனையும் திட்ட முடியாமல், அண்ணனையும் திட்ட முடியாமல் அவள் எங்கே போவாள்?

வாய் திறக்காமல் இருப்பது மூன்றாவது. அதற்கு நான் தேவையில்லை. அதைத்தான் அவர் தினமும் செய்கிறார்.

கடையில் அவர் வேலை, லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது. சிலர் ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு என்பார்கள். முன்பெல்லாம் அவர்கள்மேல் எரிந்து விழுவார். இப்போது விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

6

மதியம். தங்கை வீட்டு அடுப்படி. ஃப்ரிட்ஜின் மேல் அவன் கையுறைகள், கழற்றிப் போட்ட வாக்கில், விரல் மடங்கிக் கிடக்கின்றன. அவற்றை அவள் எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

"சாப்பிடு. எலும்பும் தோலுமா ஆயிட்டே."

"பசிக்கல."

"எனக்கு மட்டும் பசிக்குதா? உக்காரு." தட்டை நகர்த்தினாள். "கேஸை மூடுங்கன்னு நூறு வாட்டி சொல்லுவேன். காதுல வாங்குனாத்தானே அந்த மனுஷன். நான் சொல்லித்தான் கேக்கல, நீ சொன்னதையாவது கேட்டிருக்கலாம்ல? எனக்கு இருக்கற கோவத்துல அழக்கூட வரல அண்ணா."

கடைக்காரர் வாயைத் திறந்தார்.

(என்னால் முடியவில்லை. மூன்றையும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் அவரைக் கொல்கின்றன. இரண்டு அவளையும் சேர்த்து. நீங்கள் யாரையாவது காப்பாற்ற முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.)

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது.

"கடைசியா அவர்கூட பேசினது நீதான். நீ சொன்னப்ப, அண்ணா, அவர் என்ன சொன்னாரு?"