அழைப்பின்றி வரும் நாள்

நெவேனாவுக்கு ஐந்து வயது நிறைந்தது வியாழக்கிழமை. வேலைநாளில் யாரும் பிள்ளைகளை அழைத்து வரமாட்டார்கள் என்று அவள் தாய் ரலிட்சா விழாவை அடுத்து வந்த ஞாயிற்றுக்கு ஒத்திவைத்திருந்தாள். பிப்ரவரியிலேயே நாள் குறித்து, மழலையர் பள்ளியில் சொல்லியும் ஆகிவிட்டது. அலுவலகம் கொடுத்த நாட்காட்டியில் திருநாள்கள் குறிக்கப்பட்டிருக்கவில்லை. அவளும் தேடிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக் கூடம் கதைப்புத்தகமாக உருமாறிக்கொண்டிருந்தது. கொடிகளில் விலங்குப் படம் ஒட்டிய வெண்ணிற விரிப்புகள் பக்கங்களாகத் தொங்கின. காட்டிலுள்ள சிறு பூவொன்றின் பிறந்தநாளுக்கு விலங்குகள் ஒவ்வொன்றாய் வந்து கதவைத் தட்டும் கதை. நூலகத்திலிருந்து நெவேனா அலுக்காமல் எடுத்துவருவது. பன்னிரண்டு குழந்தைகள், பன்னிரண்டு முகமூடிகள். உடன்வரும் பெரியவர்களும் முகமூடி அணிய வேண்டும், மெழுகுவர்த்தி ஊதும்வரை ஒருவரும் முகம் காட்டலாகாது என்பது நெவேனா இட்ட கட்டளை.

முள்ளம்பன்றிக்கு முள் ஒட்டிக்கொண்டிருந்த தங்கை பில்யானா நிமிர்ந்தாள்.

"ஏன்க்கா, கடைசிப் பக்கம் மொட்டையா தொங்குதே. கரடி எங்க?"

"கரடி வேண்டாம்."

"அதுதானே தேன் கொண்டு வரும்? உன் மக கேக்கமாட்டாளா?"

"கேட்டா கேக்கட்டும்."

பில்யானா அடுத்த முள்ளுக்குப் பசை தடவினாள். நெவேனாவுக்குக் கரடியாய் இருந்தவன் அவள் தந்தை ஸ்ட்ரஹில். அவளை முதுகில் சுமந்து உறுமிக்கொண்டே வீட்டைச் சுற்றுவான். மணவிலக்குக்குப் பின், ஈராண்டுக்கு முந்தைய ஆகஸ்டில், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் குழந்தையைக் கூட்டிப்போனவன், நாட்டெல்லையான டான்யூப் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ருமேனியாவுக்குள் மறைந்தான். பதினோரு நாள் குழந்தை இருக்குமிடம் தெரியவில்லை. இன்று அவன் மாதம் ஒருமுறை, ஓர் அலுவலர் முன்னிலையில், ஒரு மணி நேரம் அவளைப் பார்க்கலாம். மற்ற நேரங்களில் நெருங்கக்கூடாதென்பது நீதிமன்ற ஆணை.

"சரி, மீன் எத்தனை கிலோ வாங்கட்டும்?" என்றாள் பில்யானா.

"குழந்தைங்க விருந்துக்கு எதுக்குடி மீன்?"

"நல்லா இருக்கே! நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. நோன்புக்கு நடுவுல மீன் திங்கலாம்னு இருக்கிற நாள், அது இல்லாமலா? நம்ம நெவேனாவுக்குப் பெயர்நாள் வேற. கோயில் பக்கமே போறதில்லன்னா இப்படித்தான், நோன்புக்குள்ள கேக் வெட்ட நாள் குறிப்பே."

ரலிட்சாவின் கையில் கத்தரிக்கோல் நின்றது. பூவின் பெயர் தாங்கிய யாவருக்கும் அது பெயர்நாள். நெவேனா என்பதும் ஒரு பூவே. ஆண்டுக்காண்டு நகரும் அத்திருநாள் இவ்வாண்டு தான் குறித்த தேதியிலேயே வந்து அமர்ந்ததை அவள் இப்போதுதான் உணர்ந்தாள். பிறந்தநாளுக்கு அழைத்தவரே வருவர். பெயர்நாளுக்கு அழைப்பென்பதே கிடையாது. நினைவு வைத்திருப்பவர் வருவர். வந்தவரை வாசலோடு திருப்புவது அவ்வூரில் எந்த வீடும் செய்யாத ஈனம்.

அப்போது கைப்பேசி ஒலித்தது. மழலையர் பள்ளி ஆசிரியை கெர்கானா.

"நெவேனா அம்மா, உங்க தம்பிக்கு முகமூடி கிடைச்சுதா?"

"எனக்குத் தம்பி இல்லையே, மிஸ்."

"அப்படியா? மாமான்னு சொல்லிப் பேசினாரே. எந்த விலங்கு மிச்சமிருக்குன்னு கேட்டார். பேர் குடுத்த பெரியவங்கள்ல கரடிய மட்டும் யாரும் எடுக்கலன்னேன். சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்."

நன்றி சொல்லி வைத்துவிட்டு, ரலிட்சா தங்கையிடம் அதை அப்படியே சொன்னாள்.

"விழாவ நிறுத்திடு."

"நிறுத்தலாம். பெயர்நாள எப்படி நிறுத்துறது?"

"அப்போ போலீசுக்குச் சொல்லு."

"பன்னிரண்டு பிள்ளைங்க பார்க்க அவ அப்பாவ இழுத்துட்டுப் போகணுமா? அதையா நான் பரிசா குடுக்க?"

ஞாயிறு காலை பூசையில் குருத்தோலைக்குப் பதிலாய்ப் பெற்ற வில்லோ மரக்கிளையைப் பில்யானா கதவில் செருகினாள். நண்பகலுக்குள் வீடு நிறைந்தது. நரிகளும் முயல்களும் விரிப்புகளுக்கிடையே ஓடின. ரலிட்சா வாசலை விட்டு அகலவில்லை. முகமூடியோடு ஏறிவந்த ஒவ்வொரு பெரியவரின் கைகளையும் பார்த்தாள்; முகம் மறையலாம், கை மறையாது.

மாடிப்படியில் கரடி ஏறி வந்தது. விலையுயர்ந்த, கறுத்த மயிர் அடர்ந்த முகமூடித் தலை. ஒரு கையில் வில்லோ கிளை, மறுகையில் தேன்குப்பி. இடது கட்டைவிரலின் பழைய தழும்பை அவள் அறிவாள்.

"பெயர்நாள் வாழ்த்து" என்றது கரடி.

எதிர்வீட்டு முதியவர் தம் கதவருகிலிருந்து உரக்கச் சிரித்தார். "அடேயப்பா, கரடியே வந்திருச்சு! உள்ள விடம்மா, நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நிக்க வைக்கிற?"

"விடலாம் ஐயா" என்ற ரலிட்சா, பின்னால் நின்ற தங்கையிடம் திரும்பாமலே, "ஒரு தட்டுல மீனும் ரொட்டியும் கொண்டா" என்றாள்.

தட்டு வந்ததும் வெளியே வந்து, கதவைத் தன் முதுகால் சாத்திக்கொண்டாள். விருந்தினனுக்கு உணவிடவேண்டும், எந்த இடத்தில் இடவேண்டும் என்று வழக்கம் சொல்லவில்லை.

உண்பதற்காக அவன் கையிலிருந்தவற்றையும் கழற்றிய கரடித்தலையையும் கைப்பிடிச் சுவரில் வைத்தான். முகம் இளைத்திருந்தது. அவள் ஏந்திய தட்டிலிருந்து, நின்றபடியே, முள்ளைப் பொறுமையாக நீக்கி உண்டான்.

"போன மாசம் பார்த்ததுக்கு இப்போ எவ்வளவு வளர்ந்திருக்கா? கையால காட்டேன், போதும்."

ரலிட்சாவின் கைகள் தட்டை விடவில்லை.

"பயப்படாத. தூக்கிட்டுப் போக வரல."

"போன தடவையும் ஐஸ்கிரீம் வாங்கத்தான் போன."

அவன் சிரித்தான். "உன் நாக்கு மட்டும் மாறல."

உள்ளிருந்து சிறு குரல், கதவுக்கு மிக அருகில்: "அம்மா! தட்டினாங்களா? கரடி வந்துச்சா?"

அவன் கண்கள் கதவின்மேல் நிலைத்தன. வாய் திறக்கப் பார்த்தான். ரலிட்சா முந்திக்கொண்டாள்.

"இல்லடா கண்ணு. எதிர்வீட்டுத் தாத்தா."

முதியவர் தலை குனிந்து தம் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். ஸ்ட்ரஹில் தட்டில் மிஞ்சிய முட்களை ஓரமாய் ஒதுக்கினான். கிளையையும் தேன்குப்பியையும் எடுத்துத் தரையில் வைத்தான். கரடித்தலையை மீண்டும் அணிந்துகொண்டபோது அவன் குரல் ஆழ்கிணற்றிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"இந்த நாள் வருஷாவருஷம் வருமில்ல?"

படியிறங்கினான். இரண்டாம் தளம். முதல் தளம். கதவு சற்றே திறந்து பில்யானா தலை நீட்டினாள்.

"போயிட்டானா?"

"போயிட்டே இருக்கான்."

இருவரும் செவிசாய்த்தனர். காலடியோசை கீழ்த்தளத்தில் நின்றது. தெருக்கதவு திறக்கும் ஒலி கேட்கவேண்டும். ரலிட்சா மனத்துக்குள் பத்துவரை எண்ணினாள், பிறகு இருபதுவரை. அவ்வொலி எழவில்லை. உள்ளே குழந்தைகள் பாடத் தொடங்கியிருந்தனர். விருந்து முடிந்தால் அத்தனை பேரும், கழற்ற மனமில்லாத முகமூடியோடு, வழியனுப்ப ஓடும் நெவேனாவோடு, அந்தப் படி வழியேதான் இறங்கியாகவேண்டும்.