இருபத்து மூன்றாம் நம்பர் பெட்டி

ஏழு சீசனாக என் நம்பரை யாரும் கூப்பிட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து மாம்பழ சீசன் வரைக்கும்.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருந்தது எங்கள் பழக் கம்பெனி. கம்பெனி என்பதெல்லாம் போர்டில்தான். உள்ளே வெறும் தகரக் கொட்டகை. முன்பக்கம் ஆபீஸ், கேட், லாரி நிற்கும் இடம். பின்பக்கம் நாங்கள் முப்பது பெண்கள். பழத்தைத் துடைத்து, தரம் பார்த்து, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்குவோம். மூடியில் அவரவர் நம்பரை மையால் எழுத வேண்டும். நான் இருபத்து மூன்று. பரிமளா என்று பெயர் இருப்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

சாயங்காலம் ஏற்றுகிற பெட்டியைக் கோயம்பேடு மண்டியில் விடியற்காலை திறப்பார்கள். அழுகலோ அடிபட்டதோ கிடைத்தால் நம்பரைச் சீட்டில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் மத்தியானம் டிரைவர் கேட்டருகே நின்று அந்த நம்பரைக் கூப்பிடுவார். நம்பர்க்காரி போய்த் தன் லட்சணத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அரை நாள் கூலி போகும். மற்றபடி எங்களுக்கு முன்பக்கம் வேலை கிடையாது. போனால் சூப்பர்வைசர் சீனுவாசன் கத்தியே கொன்றுவிடுவார்.

அந்த வருஷம் புது டிரைவராக வந்தவர் தேவா. மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பம். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நீ ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், “கடல்ல பிரேக் இல்லீங்களே” என்பாராம்.

சித்திரையில் ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் வந்தார். பானைக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். சொம்பில் மொண்டு கொடுத்தேன். என் முன்னால் கிடந்த மூடியைப் பார்த்தவர், “இருபத்தி மூணு நீங்கதானா?” என்றார்.

“ஆமாங்க. ஏன்?”

“வண்டி குலுங்கறப்ப மத்த பெட்டிங்கல்லாம் கடகடன்னு ஆடிக்கினே வரும். ஒங்க பெட்டி மட்டும் அசையாதுங்க.”

குடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயசு. பிரம்மதேசத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி நன்றாக இருக்கிறது என்றார்கள். காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டுத் தோலுரிந்த என் கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வாள் அண்ணி. அந்தக் கையைத்தான் இந்த மனுஷன் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

அப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. என் மேஜைக்கு எதிரே தகரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அதில் கண்ணை வைத்தால் கேட் தெரியும். மத்தியானம் லாரிச் சத்தம் கேட்டாலே துடைக்கிற பழத்தையே துடைத்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து மேஜைப் பாஞ்சாலிக்குப் பதினாறாம் நம்பர். அவள் அடுக்குகிற அழகுக்கு வாரம் இரண்டு தடவை கூப்பிடுவார் தேவா.

“இன்னா சொன்னாருடி?” என்று கேட்பேன்.

“இன்னா சொல்லுவாரு? காம்புகிட்ட கறுத்துப் போச்சும்மா, கொஞ்சம் பாத்து வையுங்கன்னாரு. கூலி போச்சேன்னு நானே பேஜாருல இருக்கறேன், நீ இன்னாடி கத கேக்கற?”

அந்தக் ‘கொஞ்சம் பாத்து வையுங்க’ எனக்குக் கிடைக்காதா என்று ஏங்கினேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவளை யார் கூப்பிட்டுப் பேசப் போகிறார்கள்? ஏழு வருஷம் கட்டிக் காத்த நல்ல பெயர் அன்றைக்குத்தான் எனக்குக் கசந்தது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காம்பு கறுத்த பழம் ஒன்றை இரண்டாவது அடுக்கில் வைத்தேன். மூடியில் நம்பரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மறுநாள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன். லாரி வந்தது. “ஒம்போது” என்றார் தேவா. “பதினாறு” என்றார். பாஞ்சாலி முனகிக்கொண்டே போனாள். அதோடு சரி.

ஒரு பழம் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் இரண்டு வைத்தேன். ஒன்றும் இல்லை. பிறகு சாறு ஒழுகுகிற பழமாகப் பார்த்து மூன்று வைத்தேன். அதற்கும் கூப்பிடவில்லை. விடாமல் வைத்துக்கொண்டே இருந்தேன். கோயம்பேட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் கண் அவிந்துவிட்டதா என்று எரிச்சலாக வந்தது. ஒரு தடவை சந்து வழியாகப் பார்த்தபோது, தேவா கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீசல் பில் என்று நினைத்தேன்.

ஆனி முடியப் போகிறது. இன்னும் ஒரு வாரம் போனால் லாரி வராது. அப்புறம் அடுத்த சித்திரைதான். அதற்குள் ஒரே ஒரு தடவை அவர் வாயால் என் நம்பரைக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

“இருபத்தி மூணு! ஜல்தியா வா!”

கூப்பிட்டது சீனுவாசன். குரலில் என்ன இருக்கிறது, கூப்பிட்டாயிற்று என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். லாரி நின்றிருந்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்தவர் வேறு யாரோ.

ஆபீஸ் மேஜையில் ஒன்பது சீட்டுகள் பரப்பியிருந்தன.

“எல்லாம் உன் நம்பரு” என்றார் சீனுவாசன். “மண்டியில குடுத்தத நம்மகிட்ட காட்டாம மறைச்சி வெச்சிக்கினு இருந்திருக்கான் அந்த தேவா. ஊட்டுக்குன்னு டிரைவருக்கு நாம குடுக்கற பழத்த எடுத்து, உன் பெட்டியில மாத்தி வெச்சிட்டு வந்திருக்கான். ஒரே நம்பருல இத்தினி அழுகலான்னு நேத்து மண்டிக்காரரு முதலாளிக்கே போன் போட்டுட்டாரு. சாயங்காலமே ஆள நிறுத்தியாச்சி.”

“ஏன் மறைச்சாருன்னு கேட்டீங்களா சார்?”

“கேட்டேன். ‘அவங்க தப்பு பண்றவங்க இல்லீங்க, கண்ணு மங்கிப் போயிருக்கும், தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவீங்க’ன்றான். இத வேற உன்கிட்ட குடுக்கச் சொன்னான்.”

இலவசக் கண் பரிசோதனை முகாம் நோட்டீஸ். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாலாக மடித்து, பல நாள் பையில் இருந்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கண்ணால்தான் மூன்று மாதமாகத் தகரச் சந்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டார் தின்ன வேண்டிய பழத்தையும் பறித்து, பிழைப்பையும் கெடுத்துவிட்டேன். நின்ற இடத்திலேயே அழுதேன்.

“தெரிஞ்சேதான் வெச்சேன் சார். ஒம்போது தடவையும்.”

“இன்னாது? ஏம்மா?”

“அவரு என் நம்பர கூப்பிடணும்னு.”

எப்போதும் கத்துகிற மனிதர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

“முதலாளிகிட்ட நானே சொல்றேன் சார். அவர திரும்ப எடுத்துக்கங்க.”

“சொல்லு. நானும் கூட வர்றேன். ஆனா அவன் வரணுமே. கும்புடு போட்டுட்டு, திரும்பிக்கூட பாக்காம போயிட்டான்.”

முதலாளியிடம் சொன்னேன். திட்டினார். ஒன்பது அரை நாள் கூலியைப் பிடிக்கச் சொன்னார். அவன் வந்தால் பார்க்கலாம் என்றார்.

சாயங்காலம் வழக்கமான மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டீஸை மடியில் விரித்து, கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துவரை இரண்டு தடவை வாசித்தேன். பிரம்மதேசத்தில் பஸ் நின்றது. அண்ணன் மகன் டீக்கடை வாசலில் நிற்பது தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

தினம் பார்க்கிற கண்டக்டர் பதறினார். “ஊரு வந்துடுச்சும்மா, எறங்கலியா?”

“இல்லண்ணா. மரக்காணம் போறேன். மிச்சத்துக்கு டிக்கெட் போடுங்க.”

“இந்த நேரத்துல அங்க இன்னா சோலி?”

“என் மேல ஒம்போது கம்ப்ளைண்டு நிக்குதுண்ணா. நேர்ல போயி வாங்கிக்கணும்.”

அவர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.