இரண்டு பேர் கொடுத்த மாத்திரை

சோளங்குளத்தில் வடக்கூருக்கும் தெக்கூருக்கும் நடுவே அரை மைல் கரிசல் காடு. கோயில் கொடைவிழாவுக்கு வைத்த ஃபிளக்ஸ் போர்டு கிழிந்ததில் தொடங்கிய சண்டையில் இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. பதினோரு பேர் கைதானார்கள். பஸ் நிறுத்தத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது.

உமாராணி வடக்கூர்க்காரி. சுடலைச்செல்விக்குத் தெக்கூர். இருவரும் கோவில்பட்டியில் இருக்கும் ஒரு மனநலத் தொண்டு அமைப்பின் களப்பணியாளர்கள். நான்கு வருடமாக ஒரே ஸ்கூட்டியில் பதினாறு கிராமங்களைச் சுற்றியவர்கள். கலவரத்துக்கு மறுநாள் மேலாளர் முத்துசெல்வம் இருவரையும் அழைத்து, "நிலைமை அடங்குற வரைக்கும் அவங்கவங்க பக்கத்தை மட்டும் பாருங்க. போன்லகூடப் பேசிக்க வேண்டாம்" என்றார். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். உமாராணியின் அண்ணன் அவள் போனை வாங்கி, செல்வியின் எண்ணை பிளாக் செய்துவிட்டே திருப்பித் தந்தான்.

சிக்கல் பெத்தம்மாளிடம் இருந்தது. ஐம்பத்தைந்து வயது, வடக்கூரில் தம்பி ராஜபாண்டியின் வீட்டில் இருக்கிறாள். சொந்தக்காரர்கள் தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் அவளை விட்டுப் போவதில்லை. ஆகவே மாத்திரையைத் தெக்கூர் செல்வியின் கையால் மட்டும்தான் வாங்குவாள். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள்: "இவ என்னயக் கொன்னா நிலம் இவளுக்கா போவப்போவுது?"

அது லித்தியம் மாத்திரை. குறைந்தால் பயனில்லை, கூடினால் விஷம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரம் அது நின்றுபோனபோது, பெத்தம்மாள் நடந்தே மணியாச்சி வரை போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரயில்வே ஊழியர் ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தாள். மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் உமாராணியின் கவலை. செல்வியின் கவலையும் அதுதான்.

கலவரத்தின் இரண்டாம் நாள் உமாராணி மாத்திரையோடு போனாள்.

"நீ யாரு? நம்ம வெயிலுமுத்து மவதான?"

"ஆமா அத்தை."

"அப்ப நீயும் சொந்தக்காரிதான். வேண்டாம். கொண்டு போ."

மூன்றாம் நாளும் அதே பதில். நான்காம் நாள் உமாராணி கடம்பூர் போளி வாங்கினாள். கடையில் ஒட்டிய பாக்கெட் என்றால் பெத்தம்மாள் சந்தேகப்பட மாட்டாள். உமாராணி பாக்கெட்டின் ஓரத்தைப் பிரித்து, பொடித்த மாத்திரையைப் பூரணத்துக்குள் வைத்து, மெழுகுவர்த்திச் சூட்டில் மறுபடி ஒட்டினாள். நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது அவளும் செல்வியும் புதிய ஊழியர்களுக்கு நடத்தும் முதல் பாடம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினம் மாலை ஒரு பாக்கெட் போனது.

அதே நான்காம் நாள் காலை, தெக்கூர் எல்லையில் இருக்கும் ஓடைக்குள் குனிந்தபடியே செல்வி வந்தாள். ஓடைக்கு வடக்கூர்ப் பக்கம் ராஜபாண்டியின் பருத்திக் காடு. பெத்தம்மாள் விடிந்ததும் பருத்தி எடுக்க வருவாள் என்று செல்விக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நின்று, வந்த வழியே திரும்பினாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. உமாராணிக்கும் இது தெரியும் என்றால், தெக்கூருக்கு உளவு சொல்கிறாள் என்று வடக்கூர்க்காரர்கள் உமாராணியைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்தாள்.

பங்குனி வெயில். பத்தாம் நாள் காலை ராஜபாண்டி உமாராணியைத் தேடி ஓடிவந்தார்.

"அக்காவுக்கு நேத்து ராத்திரியிலேருந்து வாந்தி. கை வெடவெடங்குது. எந்திரிச்சா குடிகாரன் மாதிரி தள்ளாடுதா. காட்டுக்குக்கூடப் போவல."

அளவு கூடினால் இப்படித்தான் ஆகும். ஆனால் உமாராணி கொடுத்தது சரியான அளவு. போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"அத்தை, வேற மாத்திரை எதும் தின்னீங்களா?"

"செல்வி குடுக்குததுதான். காலையில, ஓடையில."

தினம் இரண்டு மடங்கு போயிருக்கிறது என்று உமாராணிக்குப் புரிந்தது. ராஜபாண்டியின் முகம் மாறியது. "தெக்கூர்க்காரி எங்காட்டுக்குள்ள வந்தாளா?"

"அண்ணாச்சி, அதைப் பொறவு பேசுவோம்" என்று சொல்லிவிட்டு உமாராணி ஆட்டோவுக்குச் சொல்லி, பெத்தம்மாளைத் தூக்கப் போனாள். அவள் கத்திக் கையைத் தட்டிவிட்டாள். உமாராணி செல்வியின் எண்ணை அன்பிளாக் செய்து கூப்பிட்டாள்.

"ஏட்டி செல்வி, நீ பெத்தம்மா அத்தைக்கு மாத்திரை குடுத்தியா?"

"ஆறு நாளாக் குடுக்குதேன். ஏன்க்கா?"

"நானுந்தான் குடுத்தேன். போளியில வச்சு."

"போளியிலயா? நீங்களா? யக்கா, உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஆஸ்பத்திரியில வச்சு ஏசு. இப்ப அத்தை ஆட்டோவில ஏறமாட்டேங்காவ. நான் தொட்டாலே கத்துதாவ."

"நான் வாரேன்."

பத்து நிமிடத்தில் செல்வி போலீஸ் வேனைத் தாண்டி, வடக்கூர் நடுத்தெருவில் பட்டப்பகலில் நடந்து வந்தாள். நாலைந்து பேர் வழிமறித்தார்கள். "ஏய், யாரைக் கேட்டு உள்ள வந்த?"

ராஜபாண்டி வாசலில் இருந்து இறங்கினார். அவருடைய மைத்துனன் மண்டையில் ஒன்பது தையலோடு கிடக்கிறான். "எங்க அக்காளக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கா. வழி விடுங்கலே" என்றார். குரலில் கோபம் குறையவில்லை. ஆனாலும் வழி கிடைத்தது.

செல்வி கையை நீட்டினாள். "பெரியம்மா, வாங்க." பெத்தம்மாள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் கேள்வியை முடிக்கும் முன்பே உமாராணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாத்திரை உடனே நிறுத்தப்பட்டது, குளுக்கோஸ் ஏறியது, ரத்த மாதிரி திருநெல்வேலிக்குப் போனது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும். இப்பவும் ரிசல்ட் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார் மருத்துவர். இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் ஏசுவதற்குக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு முடிவு வந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார். "சிறுநீரகத்துக்கு ஒண்ணும் ஆகலை. ரத்தத்துல மருந்தும் ரொம்ப ஏறலை, இனி இறங்கிடும். பயமில்லை."

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். உமாராணிக்கு அழுகை வரவில்லை. நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெத்தம்மாளின் கையைப் பார்த்தாள். தம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் நடுக்கம் கொஞ்சம்தான் இருந்தது.

"அத்தை, போளிக்குள்ள மாத்திரை வச்சது நான்தான். உங்ககிட்ட சொல்லாமச் செஞ்சது தப்பு."

பெத்தம்மாள் அவளை நெடுநேரம் பார்த்தாள். "அதான் கசந்துச்சா? கடைக்காரன் சீனியில கஞ்சம் பண்ணுதாம்னுல்லா நெனச்சேன்."

"ஏசுங்க அத்தை."

"ஏசாம விடுவேனா? களவாணிச் சிறுக்கி! நான் சொன்னா ஒருத்தரும் நம்பல. எங்காளுவ சோத்துல மருந்து வைக்காவன்னு சொன்னனா இல்லியா?"

செல்விக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். கூட வந்திருந்த ராஜபாண்டி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெத்தம்மாள் ஏசிக்கொண்டே இருந்தாள். வார்த்தை குழறவில்லை, மூச்சு வாங்கவில்லை. அந்த வசவில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் உமாராணி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.