போயிட்டு வா, கட்

எங்கள் தெருவுக்கு அவர் குடிவந்தபோது அது ‘டைரக்டர் வீடு’. ஐந்து படம் எடுத்தவர். இரண்டு ஓடின, இரண்டு நடந்தன, ஐந்தாவது படுத்தது. படுத்த படம் அவரையும் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டது. எட்டு வருஷம் மனிதர் பால்கனியில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கதை பண்றாரு” என்று அவர் மனைவி சொல்வார். நாங்களும் நம்பினாற்போலத் தலையாட்டி வைப்போம்.

பிறகு ஒரு நாள் நண்பர் ஒருவரின் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போனார். அங்கே டாக்டர் வேஷக்காரருக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே “எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம்” என்று சொல்ல வரவில்லை. வசனம் வந்தால் கண்ணாடி காதில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடி வந்தால் வசனம் தொண்டையில் நின்றுவிடும். பொறுக்கமாட்டாமல் இவர் எழுந்து செய்து காட்ட, வெள்ளைக் கோட்டை இவருக்கே மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து முப்பத்துச் சொச்சம் படங்கள். டாக்டர், ஜட்ஜ், ஹெட்மாஸ்டர், பெண்ணைப் பெற்றவர். ‘டைரக்டர் வீடு’ தெருவார் வாயில் மெல்லத் தேய்ந்து ‘டாக்டர் வீடு’ ஆனது. ஒரு அம்மாள் இருமுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டார். இவரும் கண்ணாடியைக் கழற்றிவிடாமல், மிகக் கவனமாக, அடுத்த தெரு கிளினிக்குக்கு வழி சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரி, ஒரே ஒரு வியாதி. வசனம் முடிந்த அடுத்த நொடி அவர் வாயிலிருந்து ‘கட்’ வந்துவிடும். “தூக்குத் தண்டனை விதிக்கிறேன். கட்.” ஒரு நாள் வேஷமாக இருந்தவரை சிரித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஒரு சண்டையில் தன் கட்சியைச் சொல்லி முடித்ததும் ‘கட்’ என்று எழுந்துவிட்டார். “உக்காருங்க, என் டயலாக் இன்னும் ஆரம்பிக்கவேயில்ல” என்று மனைவி சொன்னது எங்கள் சமையலறை வரை கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் மகள் முதல் படம் எடுத்தாள். அப்பா வேஷம் அப்பாவுக்கு. இடைவேளைக்கு முன்னால் சாகாத அப்பா, இருபது நாள் வேலை. படத்தில் அப்பாவின் வீடு எங்கள் வீட்டு மாடி. ஆகவே நான் அங்கே நின்றதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

முக்கியமான காட்சி இதுதான். கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். அப்பா “சரி, போயிட்டு வா” என்கிறார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு பத்து விநாடி அவர் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசாமல். இவரோ முதல் நாள் நான்கு தடவை, “சரி, போயிட்டு வா, கட்.” இவர் கட் சொன்னால் யூனிட்டும் நின்றுவிடுகிறது. கேமராமேன் இவருடைய ஐந்து படத்துக்கும் கேமரா பிடித்தவர். அவர் கைக்கு இந்தக் குரல்தான் பழக்கம். பெயருக்கு டைரக்டர் நாற்காலி மகளுக்கு, நிறுத்துகிற அதிகாரம் அப்பா நாக்குக்கு.

சாயங்காலம் மாடிப்படியில் மகள் அவரை நிறுத்தினாள். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நாளைக்கு ஒரு தடவை வாய் தவறினாலும் வேற ஆளாம். தயாரிப்பாளர் பேசியே முடிச்சிட்டாரு.”

“யாரு, எனக்குப் பதிலா அந்தச் சுருட்டை முடிக்காரனா? அவனுக்கு அழுகையே வராதும்மா.”

“அவருக்கு வாய மூட வரும்பா.” கொஞ்சம் நின்று, “உங்கள வேண்டாம்னு சொல்ற வேலையும் எனக்குத்தான். என்னால முடியாது. ஆனா சொல்லித்தான் ஆகணும்” என்றாள்.

அவர் பதில் பேசவில்லை. நல்ல வேளை, பேசியிருந்தால் கடைசியில் என்ன வந்திருக்குமோ.

அன்று இரவு தூங்கப்போகும் வரை அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பயிற்சி கொடுத்தார். எது சொன்னாலும் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். “காபி இருக்கா” என்று கேட்டுவிட்டு எண்ணினார். “சர்க்கரை கம்மி” என்று சொல்லிவிட்டு எண்ணினார். “இத்தனை வருஷத்துல இந்த வீடு இவ்வளவு நிம்மதியா இருந்ததில்ல” என்றார் அக்கா என்னிடம்.

மறுநாள் காலை. விளக்கு, கேமரா எல்லாம் தயார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “சரி, போயிட்டு வா.” கதாநாயகி கதவை இழுத்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்தான். மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொன்னேன். அந்தப் பெண் தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தாள். கேமராமேன் கண்ணை எடுத்து டைரக்டரைப் பார்த்தார், அதாவது அப்பாவை. மைக் பிடித்தவரும் அவரைத்தான் பார்த்தார். என்ன சொல்ல, நானும்தான்.

அவர் தாடை ஒருமுறை அசைந்தது. நாக்கு நுனி வரை வந்திருக்கும். இப்படி ஒரு ஷாட் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு எந்த டைரக்டர் சும்மா இருப்பான். அவர் சும்மா இருந்தார். பிறகு கண்ணை மட்டும் திருப்பி மகளைப் பார்த்தார். மகளோ எல்லாரையும் போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு அவர் மறுபடி கதவைப் பார்க்க ஆரம்பித்தார், மகளை வழியனுப்பிய அப்பாவாக. வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கட்” என்றாள். குரல் கொஞ்சம் பிசிறியது. ஆனால் யூனிட் நின்றது.

தச்சர் வந்து புதுத் தாழ்ப்பாள் போட்டார். அடுத்த தடவை பத்து விநாடியும் மனிதர் கல் மாதிரி இருந்தார்.

“கட். ஒன் மோர்.”

“எதுக்கு? நல்லாத்தானே இருந்துச்சு?”

“தோள் ரொம்பத் தொங்குதுப்பா.”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். “சரிங்க மேடம்” என்றார். கேமராமேன் சிரித்துவிட்டு, இந்த முறை அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

சாயங்காலம் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். வெந்நீரில் ஒரு காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பதினாலு டேக். என் படத்துல யாரையும் நான் ஏழுக்கு மேல வாட்டினதில்ல.”

“பொய்” என்றார் அக்கா உள்ளேயிருந்து. “ஒருத்தன் அழுதுட்டே ஓடிப்போனான்.”

“அவன் வேற காரணத்துக்காக ஓடினான்.”

வேஷம் நிலைத்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் கேட்காமல் திரும்பினால் எனக்குத் தூக்கம் வராது. “பதினாலுல எது சார் ஓகே ஆச்சு?” என்றேன்.

“எனக்கென்ன தெரியும். டைரக்டரைத்தான் கேக்கணும்” என்று இன்னொரு காலையும் வெந்நீரில் வைத்தார்.