சாப்பிடாமல் போக விடாத நிரல்

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. சி மொழியில் எழுதிய நிரல் ஓடும்போது கன்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தினால் அது நின்றுவிடும். ஆனால் அந்தக் குறுக்கீட்டைப் பிடித்து வேறு வேலைக்குத் திருப்பிவிடவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அலவத்துகொட ஊர் இப்திகாரின் கையில் கொடுத்துத் தொலைத்தேன்.

2

குண்டசாலைக் கலியாண மண்டபத்தில் அன்று இப்திகாரின் நெஞ்சு, ஒரு

(வேண்டாம். நெஞ்சில் தொடங்கும் கதையை நானே வாசிப்பதில்லை.)

மண்டபம் மஹ்ரூப் ஹாஜியாருடையது. அன்றைய விருந்து ஒழுங்காக முடிந்தால் மகள் நதாவை இப்திகாருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். சஹன் என்ற பெரிய தட்டொன்றுக்கு ஆறு பேராக விருந்தாளிகளை ஒலிபெருக்கியில் அழைக்கும் நிரல் அவனுடையது.

3

கடைசிச் சஹனில் இருந்தவர்களும் சாப்பிட்டு எழும்பினார்கள். இப்திகார் கன்ட்ரோல் சி அழுத்தினான்.

“எங்க போறீங்க? இருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கி முதல் ஆறு பேரை மறுபடி அழைத்தது.

(அவன் வீட்டில் யார் போக எழும்பினாலும் சொல்வது அதைத்தான். குறுக்கீடு வந்தால் செய்ய வேண்டியதை எழுதும் இடத்தில் கை தன்பாட்டுக்கு அதை எழுதிவிட்டது. நிரலை நிறுத்தும் வரியை மறந்துவிட்டான்.)

செருப்பு மாட்டியவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வத்தேகம பஸ்ஸுக்கு நின்ற மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“மகன், புரியாணி முடிஞ்சி! நிப்பாட்டுங்க!” என்று ஹாஜியார் கத்தினார்.

அழுத்தினான். “எங்க போறீங்க?”

“என்கிட்டயா கேக்குது?” என்றார் ஹாஜியார்.

(ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கலாமே என்பீர்கள். பிடுங்கினார்கள். மடிக்கணினியின் சொந்தக் குரல் இன்னும் உருக்கமாக இருந்தது.)

4

கணினி படித்த நதா வந்து, நிரலைக் கொல்லும் கட்டளையைத் தட்டினாள். அதை எந்த நிரலாலும் மறிக்க முடியாது. என்டர் மட்டும் பாக்கி.

“இருங்க நதா. கொன்னா அது ஒரு வார்த்தை சொல்லாமப் போயிடும்,” என்றான் இப்திகார்.

“வாப்பா பார்த்துட்டு ஈக்காரு, இப்திகார்!”

முதலில் அவளை அழுத்த வைத்தேன். மண்டபம் அமைதியானது, விருந்து குழம்பியதால் அவர்களின் கலியாணமும் நின்றது. இப்திகாரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அழித்தேன். பிறகு சமையல்காரரை இன்னொரு அண்டா ஏற்ற வைத்தேன். அவர் என்னையே ஏசினார்.

அப்போதுதான், நான் எழுதாமலே, ஹாஜியார் மகளிடம் குனிந்து கேட்டார்:

“நாளைக்கு நீ கோவிச்சிட்டு வெளிக்கிட்டா, இவன் உன்னையும் இப்படித்தான் மறிப்பானா?”

நதா இப்திகாரைப் பார்த்தாள். அவள் விரல் என்டரின் மேல் இருக்கிறது. அவளுக்கு அந்தக் கேள்வி இனித்ததா, பயமூட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. தகப்பன் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.