இரண்டாவது அண்டா

மலேரியா மாத்திரைக்கு எங்கள் பகுதியில் காய்ச்சல் கேட்காமல் போய்விட்டது. ஊசி மருந்து வரவேண்டிய பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதனால்தான் டாக்டர் ஒரு மூலிகை இலையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். பாதிப் பேருக்கு இலைக் கஷாயம்; மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்பது, வார்டே சித்தி என்று கூப்பிடும் சமையல்காரிக்கு மட்டும் தெரியும். ரத்தத்துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்ப்பது என் வேலை. படுத்திருந்தவர்களில் ஒருவன் என் தம்பி.

"அக்கா, எனக்கு நிஜக் கஷாயமா, சும்மா கசப்பா?"

"தெரியாது. மூக்கைப் பிடிச்சுக் குடி."

"உன் சமையலுக்கு இது தேவலாம்."

சிரிக்கப் பார்த்தான். பல் கிட்டிக்கொண்டது.

கிருமி எல்லோருக்குமே கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. தண்ணீர் குடித்த பாதிப் பேருக்காவது ஏறியிருக்க வேண்டும். சந்தேகம் தட்டி, அடுக்களைக்குப் போனேன். சித்தி கசப்புத் தண்ணீருக்கான இரண்டாவது அண்டாவிலும் இலையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க சித்தி?"

"சாகக் கெடக்கறவங்களுக்கு வெறுந்தண்ணிய எப்படிம்மா ஊத்துவேன்? ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுட்டேன்."

"பாதி யாருக்கும் பத்தலையே."

கரண்டியைக் கீழே வைத்தாள். "உன் தம்பி கசப்புத் தண்ணிப் பக்கம்தான் விழுந்திருந்தான்."

இலைக் கூடையை எடுத்துப் பார்த்தேன்; அடியில்தான் கொஞ்சம் கிடந்தது.

டாக்டரிடம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சோதனை போச்சு. இலை எவ்வளவு இருக்கு?"

"முழு அளவுன்னா ஒருத்தருக்குத்தான் காணும் டாக்டர்."

"ரொம்ப மோசமா இருக்கறது உன் தம்பி. அவனுக்கே குடு."

மற்றக் கட்டில்களைப் பார்க்காமல் நடந்தேன். மூன்று வேளையும் முழு அளவில் புகட்டினேன். தம்பி இப்போது கேலி பேசவில்லை. என்னை அம்மா என்று கூப்பிட்டான்.

மறுநாள் அவன் விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். சாயம் ஏற்றி, காயவைத்து, குனிந்தேன். சித்தி வாசற்படியில் நின்றாள்.

"கொறைஞ்சிருக்காம்மா?"

கல் பதித்த குட்டி மோதிரங்கள்போல் கிருமிகள் நெருங்கிக் கிடந்தன, நேற்றைவிட நெருக்கமாக.

"ஏம்மா பேச மாட்டேங்கற?"

"இருங்க சித்தி, இந்தப் பக்கம் இன்னும் பாக்கல" என்று கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினேன்.